பெயர் மட்டும் திரும்பிய ஃபோல்டர்

குளிர்பதனக் கிடங்கின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் குளிரூட்டும் மெஷினை நிறுத்தியதால்தான் மருந்தெல்லாம் கெட்டதாம், முதலாளி சொல்கிறார். மெஷின் தானாக நின்றதைக் குறித்துவைத்த லாக் ஃபோல்டரை, மருந்து கெட்டது தெரிவதற்கு முன்பே, இடத்தை அடைக்கிற குப்பை என்று அழித்தவரும் அவரேதான். தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. மேசை விசிறி தூசியைத் திருப்பித் திருப்பி அவர் முகத்திலேயே ஊதுகிறது. அழிந்ததை மீட்கக் காலையிலிருந்து தோண்டித் துருவும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் மூக்குக்கண்ணாடியில் திரையின் நீலம் அசைகிறது. டிஸ்க், சளி கட்டிய கிழவன் மாதிரி கரகரக்கிறது. “ஃபோல்டர் வந்துருச்சுண்ணே.” “உள்ள என்னய்யா இருக்கு?” “ஒண்ணுமில்ல. பழசு போனது போனதுதான். அதே பேர்ல புதுசா ஒண்ணு செஞ்சேன். மெஷின் இனிமே லாக் எழுத அது போதும்.” “மெஷின ஏமாத்திட்ட. முதலாளிய என்னய்யா பண்ணுவ?” மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான். வெற்று ஃபோல்டரில் முதல் வரி விழுகிறது: மெஷின் சீராக ஓடுகிறது. இரும்புக்கு ஏது விசுவாசம்? நடையில் முதலாளியின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. ஆபரேட்டர் இடுப்பிலிருந்து கிடங்குச் சாவியை அவிழ்க்கிறார்.