புட்டிக்கொரு கொடி

ஆசிய அறிவியல் கழகங்களின் கூட்டு மாநாட்டு மேசையில் ஐந்து கண்ணாடிப் புட்டிகள் காலை வெயிலில் பளபளக்கின்றன. ஒரே ஆறு ஓடும் ஐந்து நாடுகளிலிருந்து, ஒன்றாகச் சோதித்துப் பார்ப்பதற்காக முத்திரையிட்டுக் கொண்டுவந்த தண்ணீர். முத்திரைகள் இப்போது குப்பைக்கூடையில் கிடக்கின்றன. புட்டிக்கொரு குட்டிக் கொடி நிற்கிறது. சோதிக்க வந்த வேதியியலாளர் கூடையிலிருந்து ஒரு முத்திரையை எடுத்து நீட்டுகிறாள். "யாரு சார் இதைத் திறந்தது?" விழா அதிகாரி பல்லிளிக்கிறார். "கொடி ஸ்டாண்டு வந்து சேரலை மேடம். பாக்க அம்சமா இருக்குல்ல?" "கால்ல விழாத குறையா கெஞ்சி, அஞ்சு நாட்டுலயும் அனுமதி வாங்கினோம் சார்!" "தண்ணிதானே மேடம், குழாய்ல பிடிச்சுத் தரச் சொல்றேன். போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிங்க." கழகத் தலைவர்கள் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். கேமரா பளிச்சிடுகிறது. கொடிக்கம்புகளின் தங்கச் சாயம் கரைந்து இறங்க, ஐந்து நாட்டுத் தண்ணீரும் ஒரே நிறமாகிக்கொண்டிருக்கிறது.