செம்பில் கிடந்த வளையல்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு முகம் எதற்கு, மணிக்கட்டைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்கிறார்களே என்று முணுமுணுத்தபடி சங்கிலிபூதத்தான் தன் மகள் பூரணியின் வீட்டுக்குள் நுழைந்தார்.

தெருப் பெண்கள் எல்லோரும் போட்டிருக்கும் கருத்தடை வளையல் தோல் வழியே மருந்து செலுத்தும். அந்த மருந்தால் மார்பில் புற்று வரும் ஆபத்து துளி கூடினாலும், தோலுக்கடியில் பதித்த சில்லு தெரிவிக்க, கையில் இருந்தாலும் கழற்றி வைத்தாலும் அதன் நீல வெளிச்சம் செம்மஞ்சளாகிவிடும். நேற்று பூரணியின் வளையல் மாறியது. தாயை அந்த நோய்க்கே பறிகொடுத்தவள், பதறிப்போய்க் கழற்றித் தண்ணீர்ச் செம்பில் போட்டுவிட்டாள். வெறுங்கையைக் கண்ட பக்கத்து வீட்டுப் பெண்கள், மூன்றாவது பிள்ளைக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

“வேண்டாம்னு சொல்ல வாயில்லையாட்டி?”

“சிரிச்சுக்கிட்டே வந்தாவப்பா. பயந்து கழத்துனேன்னு எப்படிச் சொல்ல? கூடுனது கொஞ்சந்தானாம், கழத்திட்டா மெல்லக் கொறையுமாம். பாருங்க, நீலம் திரும்புது.”

“ஒங்கம்மை பிள்ள வேண்டாம்னு ஒரு மாத்திரை முழுங்குனதில்ல. அவளுக்கு ஒரு வெளிச்சமும் எரியல, போயிட்டா. இது சொன்னா நான் நம்பணுமோ? கெளம்பு, டாக்டரம்மா தொட்டுப் பாத்துச் சொல்லட்டும்.”

“இப்ப யாருப்பா தொட்டுப் பாக்கா? அங்கயும் வளையலைத்தான் கேப்பாவ.”

அவர் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். அதிகாலை வானம்போல் வளையலின் நீல வெளிச்சம் தண்ணீரில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. மகளின் முகமும் அதில் மிதந்தது. அழகாகத்தான் இருந்தது.

“அழகா இருந்தா ஆச்சா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். தெருமுனை வரைக்கும் பூரணியின் கண்ணாடி வளையல்களின் சத்தம் அவர் பின்னாலேயே வந்தது.