இருபது நிமிடம்

ராயபுரத்துக் கிளினிக்கில், ஜன்னல் வெயிலில், ஷைனி இடது கையை மேசைமேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். முன்கையில் நீலப் பேனாவால் எழுதிய நான்கு எண்கள்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஊசி நுனி பட்ட இடத்தில் ஒரு சொட்டு மருந்து மினுங்குகிறது. உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவரை கையைத் தொடக் கூடாது. இதற்காகவே அரிப்பு மாத்திரையை நிறுத்தி ஐந்து நாளாகிறது. கழுத்திலும் முதுகிலும் தடிப்புகள் நெருப்பாய் எரிய, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மாமியார் சிலுவையம்மாளின் தோளில் கிடக்கும் கைக்குழந்தை, வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரனையும் மீறி வீறிடுகிறது. ஷைனியின் நைட்டியில் பால் கசிந்து பரவுகிறது.

"குடு அத்த, பசில கத்துது. பாலுக்கு ஒண்ணும் ஆவாது, தாராளமா குடுன்னு நர்ஸ் சொல்லிட்டுத்தான போச்சு."

"அது சொல்லும். வெசத்த குத்திகினு கீற, பால்ல எறங்காதா?" சிலுவையம்மாள் இடுப்பிலிருந்து வேளாங்கண்ணி எண்ணெய்க் குப்பியை எடுத்து, மூடியைப் பல்லால் திருகி, ஷைனி கையை இழுப்பதற்குள் அதன்மேல் கவிழ்த்து மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்க்கிறாள். "மாதாவே, புள்ளைய காப்பாத்து." சொட்டுகள் ஒன்றாய்க் கலந்து, எண்கள் நீலமாய் வழிகின்றன.

"அத்த... மறுபடியும் அஞ்சு நாளு..."

"இந்தா, இப்ப குடு." குழந்தை மடிக்கு வருகிறது. அழுகை நிற்கிறது. இவ்வளவு நேரம் அசையாமல் காத்த இடது கையைத் தூக்கி, ஷைனி கழுத்தை ரத்தம் வரச் சொறியத் தொடங்குகிறாள்.