இரண்டு காற்றுப்பெட்டி

“உருளைப் பெட்டிதான் மொதலாளி. ஆக்சிலேட்டர்ல காலு பட்ட உடனே காத்தத் தள்ளும்” என்றார் மேஸ்திரி வைகுண்டராஜன்.

“காத்தாடிப் பெட்டி மெதுவாத்தான் முழிக்கும். முழிச்சிட்டா பிறகு உருளையால கூட ஓட முடியாது” என்றான் மற்ற மேஸ்திரி மரியஜான்.

நாகர்கோவில் பஸ் ஒர்க்‌ஷாப் மேசைமேல் சீமையிலிருந்து வந்த இரண்டு சூப்பர்சார்ஜர்கள் இருந்தன. இஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று, கூடுதல் காற்றை அமுக்கித் திணிக்கிற பெட்டிகள். ஒன்றினுள் கரும்பாலை போல இரண்டு உருளைகள். மற்றதில் கொல்லன் உலையில் கரியை ஊதுவது போன்ற காத்தாடி. கிருஷ்ணமணி முதலாளியின் சிவப்பு ரேஸ் காருக்கு ஒன்றைத்தான் பூட்ட முடியும். அடுத்த மாதம் மதராசில் பந்தயம்.

முதலாளி சுருட்டைப் பற்றவைத்தார். “ரெண்டையும் ஓட்டிப் பாப்போம். தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவுல மூணு மைலு. எவன் பெட்டி ஜெயிக்கோ அவன் மேஸ்திரி. மத்தவன் வேற எடம் பாத்துக்கிடட்டும். நாலு பஸ்ஸு ரெண்டாச்சு, எனக்கு எதுக்கு ரெண்டு மேஸ்திரி?”

வைகுண்டராஜனுக்கு உச்சந்தலை கொதித்தது. பதினெட்டு வருஷம். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல், கரி எரிந்த வாயுவில் கரிவண்டி ஓடியபோது, மூஞ்சியெல்லாம் கரியாக நின்று இந்த முதலாளியின் பஸ்களை உருளவைத்தவர் அவர். எட்டு மாதத்துக்கு முன் கொழும்பிலிருந்து வந்த பயலோடு இப்போது போட்டி போட வேண்டுமாம்.

நியாயமாகக் கோபம் முதலாளி மேல் வந்திருக்க வேண்டும். முதலாளி மேல் கோபப்பட்டு ஆகப்போவது என்ன? அது மரியஜான் மேல் போய் விழுந்தது.

“ஏலே கொழும்புக்காரா, ஒனக்கு வேற ஊரே கெடைக்கலியா? எனக்க சோத்துலதான் வந்து மண்ணள்ளிப் போடணுமா?”

மரியஜான் பாட்டுக்கு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

திங்கட்கிழமை உருளைப் பெட்டி. மாட்டுவண்டிகள் ரோட்டுக்கு வருமுன் விடியற்காலையிலேயே வைகுண்டராஜன் ஓட்டினார். பக்கத்தில் ஸ்டாப் வாட்சோடு முதலாளி. தோவாளையில் கிளம்பி ஆரல்வாய்மொழி மைல்கல்லைத் தொட இரண்டு நிமிடம் இருபது விநாடி ஆயிற்று.

வியாழக்கிழமை தோவாளையில் காத்தாடிப் பெட்டியின் முறை.

“மொதலாளி” என்றார் வைகுண்டராஜன். “இன்னைக்கு ஆரல்வாய்மொழிக்கு மெதுவாப் போயி, அங்கேருந்து இங்க ஓட்டட்டும். முடிஞ்ச உடனே நீங்க அப்படியே வீட்டுக்குப் போயிரலாம். அதே மூணு மைலுதானே.”

“அதுவும் சரிதான்” என்றார் முதலாளி.

ஆடி மாசம். மேற்கேயிருந்து கணவாய்க்குள் புகும் காற்று ஆரல்வாய்மொழியில் ஆளையே தள்ளிக்கொண்டு போகும். திங்கட்கிழமை அது காரின் முதுகில் கைவைத்துத் தள்ளியது. இன்று நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். மாட்டுவண்டிக்காரனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எஸ்டேட் பங்களாவில் வளர்ந்த முதலாளிக்குத் தெரியாது. கொழும்புக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது?

செய்வது அயோக்கியத்தனம் என்று வைகுண்டராஜனுக்கும் தெரியும். மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டு வயசில் எவன் வாசலில் போய் நிற்பது? அவன் ஒழியட்டும் என்று பல்லைக் கடித்தார்.

மரியஜான் ஒருமுறை தலையைத் தூக்கி, மலைமேல் ஓடும் மேகத்தைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான்.

திரும்பி வந்தார்கள். இரண்டு நிமிடம் நாற்பத்தோரு விநாடி.

“ஒன் காத்தாடி முழிக்கவே இல்லையேப்பா” என்றார் முதலாளி. “நாளையிலேருந்து வர வேண்டாம்.”

இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டுவிடுவானோ என்று வைகுண்டராஜன் அவன் வாயையே பார்த்தார். அவன் கேட்கவில்லை. “சரி மொதலாளி” என்றான், அவ்வளவுதான்.

சாயங்காலம் மரியஜான் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். வைகுண்டராஜனால் சும்மா இருக்க முடியவில்லை. தப்பு செய்தவனுக்குத்தான் கோபம் கூட வரும்.

“என்னலே, வாயில கொழுக்கட்டையா? நாலு வார்த்த திட்டிட்டாவது போயேன்.”

“என்னத்துக்குத் திட்ட? காத்துக்கு எதுக்க ஓட்ட விட்டதுக்கா?”

வைகுண்டராஜன் முதலாளி பக்கத்தில் இருக்கிறாரா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் கடப்புறத்துக்காரன் அண்ணே. கொழும்புக்குப் போகும் முன்னே எங்க அப்பனுக்க கட்டுமரத்துல பாய் புடிச்சவன். காத்து எங்கேருந்து அடிக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தியாலே?” கோபத்தில் வைகுண்டராஜனின் குரல் உடைந்தது. யார் மேல் கோபம் என்று அவருக்கே விளங்கவில்லை.

“நம்ம ரெண்டு பேரையும் சேவலக் கணக்கா மோத விட்டாரு. நானும் மோதுனா அவருக்குத்தான் வேடிக்கை. எனக்கு ஒத்த வயிறு. தூத்துக்குடியில லாரி ஷெட்டுல ஆளு கேக்கான்.”

பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். கழிவுத்துணியில் சுற்றிய சின்னக் கப்பி, பெட்டியைச் சுற்றவைக்கும் பெல்ட் ஓடுகிற சக்கரம். எண்ணெய்ப் பளபளப்பு இன்னும் போகவில்லை.

“உருளைப் பெட்டியில பழைய கப்பியக் கழத்திட்டு இதப் போடுங்க. அரை இஞ்சு சின்னது, பெட்டி இன்னும் வேகமாச் சுத்தும். இல்லன்னா மதராசு நேர்ரோட்டுல அது பின்தங்கிரும். மொதலாளி தோத்தா அடுத்தாப்புல உங்களைத்தான் அனுப்புவாரு.”

வைகுண்டராஜன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேத்தில் ஒருநாள் முழுக்க நின்றால்தான் இப்படிக் கடைய முடியும்.

“காலையிலதானலே தோத்த? இத எப்பக் கடைஞ்ச?”

மரியஜான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“தோக்கணும்னு நெனச்சு நேத்தைக்கே கடைஞ்சாச்சு. நீங்க வண்டியத் திருப்பியிருக்கவே வேண்டாம் அண்ணே.”