டாக்டரும் அதையே சொன்னார்

அன்று செவ்வாயா புதனா என்று இப்போது தேவகிக்கே சந்தேகம். பொட்டில் இடிக்கும் வலியோடு தறியில் உட்கார்ந்திருந்தாள். போய்ப் படுத்தால் மாமியார் பேசுவாள்.

கணவன் ராஜவேலு உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னான். "ஒத்தத் தலைவலிக்கு வேலூர் டாக்டரக் கேட்டேன்மா. கொழுப்பும் காரணமா இருக்கலாமாம். அதுல சுரக்கற ஹார்மோன் வலியத் தூண்டுமாம்."

மாமியார் காத்தாயி சிரித்தாள். "இவ வந்த நாள்லேர்ந்து நானும் அதானே சொல்லிகினு இருக்கேன். தலவலின்னு படுத்துக்கறதெல்லாம் கொழுப்பு."

தேவகியின் கை தறியில் அப்படியே நின்றது. ராஜவேலு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டாக்டரக் கேட்டது என் வலிக்கும்மா, அவளுக்கில்ல. சொன்னா எனக்கும் கொழுப்புன்னுடுவியேன்னு மறைச்சேன். எடையக் குறைக்கச் சொல்லிட்டாரு."

ராஜவேலு இப்போது தினமும் காலையில் நடக்கிறான். தேவகி வலி வந்தால் தறியை நிறுத்திவிட்டுப் படுக்கிறாள். காத்தாயி குழம்பில் எண்ணெயைக் குறைத்துவிட்டாள். அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை.