மூடியைத் தூக்கும் கொக்கி

ஆற்றங்கரை யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே காலை வெயில் புகையோடு சாய்ந்து இறங்குகிறது. கனத்த இரும்புச் சட்டிக்கு அடியிலும் மூடிமேலும் தணல் சிவந்து கிடக்கிறது. உள்ளே, மிச்சமிருந்த கடைசி மாவில் பிசைந்த ஒன்பது ஸ்கோன் ரொட்டிகள். நோலீனின் கணவன் டெஸ் கொக்கியை மாட்டி மூன்றாவது முறையாக மூடியைத் தூக்குகிறான். சூடெல்லாம் வெளியேற, ஒரு கரண்டிச் சாம்பல் உள்ளே விழுகிறது.

"நீ எட்டிப் பாத்தா அது உப்பிடுமா?" நோலீனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "முதல்ல சுட்டதும் உன்னாலதான் கல்லாப் போச்சு. பத்து மணிக்கு உங்க அக்கா வந்து உக்காருவா. கடிச்சுப் பாத்துட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பா பாரு, அதை நீயா தாங்கப்போற?"

"கருகிடுமோன்னுதான்..."

"கருகட்டும். கொக்கியைக் கொடு."

பிடுங்கிக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்கிறாள். அவன் முனகிக்கொண்டே வாளியோடு ஆற்றுக்கு இறங்குகிறான். மரத்தில் வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் காது கிழியக் கத்துகின்றன. ஜாம் புட்டியில் ஏறிய எறும்பை நோலீன் தட்டிவிடுகிறாள். சட்டி மட்டும் மணமும் விடாமல் உம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம். வெந்திருக்குமா? ஆற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கொக்கியை எடுத்து மூடியை ஓர் அங்குலம், ஒரே ஓர் அங்குலம் தூக்குகிறாள்.

"உப்பிடுச்சா?" என்கிறான் டெஸ், தண்ணீர் சொட்டும் வாளியோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று.