மாமியார் தட்டிய தகடு

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் சூப்பர்வைசர்.

சாப்பாட்டு நேரம். பட்டறையில் ஆளில்லை. மருமகளின் மிஷின் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மருமகளுக்கென்று வைத்திருந்த தகட்டை மணல் மூட்டை மேல் போட்டு, மரச் சுத்தியலால் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தாள். சமமாக இருக்க வேண்டிய தகடு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.

“என்னம்மா பண்றீங்க?”

மாமியார் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஒரே வீட்டிலிருந்து வருகிறவர்கள்தான். ஆனால் முகம் கொடுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. மாமியார் இங்கே பல வருஷத்து ஆள்; மருமகள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஜெனரேட்டர் பெட்டியின் கதவு ஆடாமல் விறைப்பாக நிற்க, தகட்டில் புடைப்பாக வரி இழுக்கிற வேலை. சாயங்காலம் முதலாளி வந்து பார்ப்பார். கதவு நேராக இருந்தால் வேலை நிரந்தரம். கோணினால் வீட்டுக்கு.

“வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு வயித்துல அடிக்கறீங்களே!”

“எனக்கு அவளைக் கண்டா ஆகாது. போதுமா?”

“போதும். பேக்கிங் பக்கம் போங்க. இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க.”

விஷயம் கேட்டு மருமகள் அழுதே விட்டாள். “வீட்டுலதான் எதுக்கெடுத்தாலும் குத்தம்னா, இங்கேயுமா சார்?”

“கண்ணைத் துடை. வேற தகடு தர்றேன்.”

புத்தம் புதுத் தகடு, ஒரு சொட்டை கிடையாது. மருமகள் அதை உருளைக்குள் விட்டு வரி இழுத்தாள். இழுத்து முடித்ததும் தகடு முறுக்கிக்கொண்டு எழுந்தது. மேஜையில் வைத்து ஒரு மூலையை அமுக்கினால் எதிர் மூலை தூக்கியது.

“அவசரப்பட்டிருப்பே. இன்னொண்ணு போடு.”

அதுவும் கோணல். அடுத்ததும் கோணல்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே சார் வந்தது!”

சூப்பர்வைசர் மிஷினைச் சுற்றி வந்தார், உருளையைத் தடவிப் பார்த்தார். போன வாரம்தான் பெயின்ட் பிரிவிலிருந்து இங்கே வந்தவர். தடவினால் என்ன தெரியும்? கடைசியில், ஒதுக்கி வைத்திருந்த அந்த மேடுபள்ளத் தகட்டையே எடுத்துக் கொடுத்தார்.

வரி இழுத்ததும் மேடெல்லாம் எங்கே போனதோ, தகடு மேஜையில் சமத்தாகப் படுத்துக்கொண்டது.

அடித்துக் கெடுத்த தகடு நேராகிறது. நல்ல தகடு கோணுகிறது. அவருக்குத் தலை சுற்றியது.

“நேத்தும் தகடு இப்படித்தான் மேடும் பள்ளமுமா இருந்ததா?”

“ஆமா சார். ஸ்டோர்லயே அப்படித்தான் தர்றாங்கன்னு நினைச்சேன்.”

சூப்பர்வைசர் பேக்கிங் பக்கம் ஓடினார். “அம்மா, எனக்கு ஒண்ணும் புரியலே. என்னதான் பண்ணினீங்க?”

புதுத் தகடுகள் போன கதையைக் கேட்டதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“வரி புடைக்கறதுக்குக் கூடுதலா தகடு வேணுமில்ல சார்? இல்லேன்னா சுத்தியிருக்கறதைப் பிடிச்சு இழுக்கும். அதான் கோணுது. வரி வர்ற இடத்தை மட்டும் முன்னாடியே தட்டி நீட்டி விட்டுட்டா, அந்தத் தொய்வை எடுத்துக்கும். மத்த இடத்தைத் தொடாது. அவளுக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரலே.”

முதலாளி வந்தபோது சூப்பர்வைசர் எதையும் மறைக்கவில்லை. “தட்ட ஒரு ஆள், வரி இழுக்க ஒரு ஆள். ரெண்டு பேரும் வேணும் சார்” என்றார். முதலாளி கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மருமகள் மாமியாரின் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

“அத்தை, சூப்பர்வைசர் அத்தனை பேச்சுப் பேசினப்பவே நிஜத்தைச் சொல்லியிருக்கலாமே. கண்டா ஆகாதுன்னு ஏன் சொன்னீங்க?”

“தட்டி வெச்சது இன்னிக்குப் போதும்னு இருந்தேன். அந்த மனுஷன் புதுசை எடுத்துத் தருவார்னு கண்டேனா?” என்று சிடுசிடுத்தாள் மாமியார்.

“அதுக்காகக் கெட்ட பேரா?”

“போடி பைத்தியம். மாமியார் பொல்லாதவன்னா எல்லாரும் உடனே நம்பிடுவாங்க, அதோட முடிஞ்சுது. மருமகளுக்கு வேலை தெரியலேன்னு தெரிஞ்சிருந்தா, சாயங்காலம் வரைக்கும் உன்னை உள்ளே வெச்சிருப்பாங்களா?”